முடிச்சூரில் ஒரு கொண்டோலா

புகையைக் கிழித்துக்கொண்டு மண்டபத்துக்குள் படகு நுழைந்தது. தண்ணீர் கிடையாது. அடியில் நான்கு சக்கரம், உள்ளே ஒரு மோட்டார்.

வெனிஸ் நகரத்துக் கொண்டோலாவாம். முடிச்சூர் கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு இப்படித்தான் வர வேண்டும் என்று மாப்பிள்ளை அனந்தகிருஷ்ணன் ஒற்றைக்காலில் நின்றுவிட்டான். லெஹங்கா கசங்காமல் அவன் பக்கத்தில் ஸ்ம்ருதி உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் கோடு போட்ட பனியனும் வைக்கோல் தொப்பியுமாகப் படகோட்டி நின்றான். சும்மா துடுப்பை ஆட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் ஓடும் இத்தாலியப் பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

பாதி வழியில் ஸ்பீக்கர் மக்கர் செய்தது.

"எதையாவது பாடுங்கண்ணா!" என்றாள் மைக்கோடு நின்ற தொகுப்பாளினி பேபி.

"ஏலேலோ..." என்று அவன் எடுத்ததுதான் தாமதம், மண்டபமே விசிலடித்தது.

அந்தக் குரல் ஸ்ம்ருதிக்குத் தெரியும். போன வருஷம் மறைமலை நகர் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பாடிய குரல். வெல்டிங் பிரிவு கேசவன்.

அந்தப் பிரிவில் இரண்டு கேசவன்கள். ஒருவன் சண்முகம் மகன், மற்றவன் சாரங்கன் மகன். தமிழில் எழுதினால் ச. கேசவன், சா. கேசவன். ஆங்கிலத்தில் இரண்டு பேருமே எஸ். கேசவன். வேலைக்கே ஒழுங்காக வராத ச. கேசவனை நீக்கச் சொன்னார்கள். எச்.ஆரில் இருந்த ஸ்ம்ருதி, லீவே போடாத சா. கேசவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மறு வாரமே தவறு தெரிந்தது. சொன்னால் அவள் வேலை போயிருக்கும். ச. கேசவன் தானாகவே நின்றுவிட்டதால் யாரும் கேட்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டாள். வேலை போன காரணம் சா. கேசவனுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் தூங்கினாள்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் அவள். வெனிஸில் அந்தக் காலத்தில் ஒரு படகோட்டி ஓரடி பாடினால், தூரத்துப் படகிலிருந்து இன்னொருவன் அடுத்த அடியைப் பாடுவானாம். காதல் கதைகளில் மட்டும் அவனுக்கு முகமே இருக்காது. பின்னால் நின்று பாடுவான். படகில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவளும் திரும்பவில்லை. இறங்கியதும் மன்னிப்புக் கேட்டுவிடலாமா? இத்தனை பேர் முன்னாலா? மாமியார் வேறு முதல் வரிசையில் இருக்கிறார்.

மேடை வந்தது. படகோட்டி முன்னால் வந்து கை நீட்டினான்.

"பார்த்து இறங்குங்க மேடம்."

முகத்தில் ஒன்றும் இல்லை. அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. இந்த மேக்கப்பில் பெற்ற அம்மாவுக்கே தெரியாது. வெட்கமில்லாமல் அவள் மனசு லேசானது.

"தெரிஞ்சவரா?" என்றான் அவள் பார்வையைக் கவனித்த அனந்தகிருஷ்ணன்.

"இல்லையே."

"நம்ம படகோட்டி அண்ணாவுக்கு ஒரு கைதட்டு!" என்று பேபி மைக்கை நீட்டினாள். "பேர் சொல்லுங்கண்ணா!"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"சா. கேசவன்."

பிறகு ஸ்ம்ருதியைப் பார்த்துச் சொன்னான். "எஸ். கேசவன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆள் மாறிடும்."

மண்டபம் சிரித்தது. கை தட்டியது.

அடுத்த அடியை அவள்தான் பாட வேண்டும்.

ஸ்ம்ருதி கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினாள்.