இரண்டாவது விசை

பூங்கோதை கம்பளியைப் பிரித்து, இறந்துபோன கணவரின் வேட்டைத் துப்பாக்கியைக் கடை மேசையில் வைத்தாள். துப்பாக்கி வியாபாரி தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குழலில் ஜெர்மன் முத்திரை இருந்தது; மரப்பிடியில் ஒரு மானைச் செதுக்கியிருந்தார்கள். உலகப்போருக்கு முந்தையது, நல்ல விலை போகும் என்றார்.

"இதுல ரெண்டு விசை இருக்குதுங்க. பின்னால இருக்கறது ரிப்பேரு போல. அழுத்துனா டிக்குனு சத்தம் மட்டுந்தான் வருது."

சொன்னபடியே அவள் அதைத் தூக்கி அழுத்திக் காட்டினாள். டிக். குழல் அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது.

தேவசகாயம் சட்டென்று ஒதுங்கினார். பின்விசையை அழுத்திவிட்டால், அதன்பிறகு முன்விசையில் விரல் பட்டாலே போதும், வெடித்துவிடும்.

"அம்மா, விரலை வெளிய எடுங்க. மெதுவா. அப்படியே கீழ வைங்க."

"பயப்படாதீங்க, உள்ள குண்டு இல்லீங்க. அவரு போனதுக்கப்புறம் யாருமே தொடல."

அவள் வைத்ததும் அவர் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அதன் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்தார். ஒரு தோட்டா துள்ளி விழுந்து மேசையில் உருண்டது. புத்தம் புதியது.

"இது வீட்ல எங்கம்மா இருந்துச்சு?"

"பையன் ரூம்லங்க. வேலை போனதுல இருந்து கதவைச் சாத்திட்டு உள்ளயேதான் கெடக்கறான். இன்னைக்கு அவன் குளிக்கப் போனப்பதான் எடுத்துட்டு..."

அவள் மேசையில் கிடந்த தோட்டாவைப் பார்த்தாள். மகனைச் செல்பேசியில் அழைத்தாள். மணி அடித்தவுடனே எடுத்துவிட்டான்.

"அம்மா, துப்பாக்கிய எங்க கொண்டுபோனே?"