சோன்கா ஊற்றிய தண்ணீர்

“உங்கம்மா காருக்குப் பின்னால தெருவுல கொட்டின தண்ணிய இந்த ரேடியேட்டருக்குள்ள ஊத்தியிருக்கலாம்ல!” என்று மலைச்சாலையில் கத்தினாள் இவெலினா. மாமியாரை இழுக்காமல் அவளுக்குச் சண்டை வராது. பின்சீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஸ்மோலியான் ஆஸ்பத்திரி இன்னும் தூரம்.

“வழியனுப்புறப்ப ஊத்துறது நம்ம வழக்கம்டி, வாய மூடு!” என்றான் ராட்கோ. குழாய் கிழிந்து நீரெல்லாம் ஒழுகியிருந்தது. ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்தான். உள்ளே விளிம்புவரை குளிர்ந்த நீர். அதன்மேல், அவன் அம்மா சோன்கா செம்பில் போடுகிற ஜெரேனியப் பூவிதழ்.

குழந்தை பிழைத்தது. “இந்தக் கிழிசலோட எப்படிய்யா வந்தே?” என்றாராம் மெக்கானிக்.

அடுத்த வருடம் அவர்கள் புர்காஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிளம்பக் காரில் ஏறியதும் “அத்தை, தண்ணி!” என்று இவெலினாவே கேட்டதுதான் வேடிக்கை. எங்கள் தெருவே சன்னலில் நின்று பார்த்தோம். சோன்கா செம்பைக் கவிழ்த்தாள். நீர் விழுந்தது, சாலை நனையவில்லை.