பாம்புக் கட்டம்

கப்பல் வேலை முடிந்து இறங்கி, அந்தமான் போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குள் தேவேந்திரன் கால் வைத்தபோது அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டிய அவன் மனைவி உமா, மாமனாரின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தப் பாம்பு வழியவே விட மாட்டேங்குது. எப்படித் தாண்டுறது?"

கட்டிலில் இருந்த அழகையா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அவசரப்படாத புள்ள. நீ ஒரு அடி வச்சா அதுவும் ஒரு அடி வைக்கும். நீ நின்னா அதுவும் நிக்கும். ஒரு கட்டம் பின்னால போ. பாம்பு அந்தப் பக்கம் திரும்பட்டும்."

"அட, ஆமா மாமா. தாண்டிட்டேன்."

தேவேந்திரன் பையைத் தொப்பென்று கீழே போட்டான். அப்போதுதான் இருவரும் நிமிர்ந்தார்கள். உமா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

புதையல் தேடிக் குகை குகையாகப் பாய்ந்து, எதிரில் வருபவரை எல்லாம் சுட்டுத் தள்ளும் ஒரு பெரிய சாகச விளையாட்டு உண்டு. அதன் கிளையாக வந்த குட்டி விளையாட்டு இது. இதில் பாய்ச்சலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. யோசித்து யோசித்துக் கட்டம் கட்டமாக நகர வேண்டும், அவ்வளவுதான். பரமக்குடியிலிருக்கும் உமாவின் தம்பி மெமரி கார்டில் ஏற்றி, தீவுக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான். போர்ட் பிளேரில் கிடைக்கிற நெட்டை நம்பி இதையெல்லாம் இறக்க உட்கார்ந்தால், அதற்குள் கப்பலே மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பிவிடும்.

தேவேந்திரனுக்கு ஏற்கெனவே எரிச்சல். தெருமுனையிலேயே பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா நிறுத்தி, "க்யா பாய், பாபா பீ கேம் கேல்தா ஹை?" என்று சிரித்திருந்தாள். உன் அப்பாவும் கேம் ஆடுகிறாரா என்று ஒருத்தி கேட்டால் எந்த மகனுக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

அதுவும் எப்படிப்பட்ட அப்பா. நிக்கோபார் பக்கம் கட்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். அம்மாவைச் சுனாமி அலை கொண்டுபோன பிறகு மகனோடு இங்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து எது கேட்டாலும் ஒரு 'ம்', கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. அந்த மனிதரைப் பிடித்து உட்கார வைத்துப் பொம்மை விளையாட்டு காட்டுகிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"அவரு வயசென்ன, பட்டதென்ன? உன் பொழுதுபோக்குக்கு அவருதான் கிடைச்சாரா? தெருவே சிரிக்குது. இந்த கேமை இப்பவே அழிச்சிடறேன்."

சத்தம் கேட்டு அழகையா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உமா கரண்டியைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அதை மட்டும் அழிச்சிடாதீங்க. ஆடுறதுக்காகக் கேக்கலை. எல்லாக் கட்டத்தையும் நான் எப்பவோ முடிச்சிட்டேன்."

"முடிச்சிட்டியா? அப்ப இவ்வளவு நேரம் அவரைக் கேட்டுக்கிட்டு இருந்தது?"

"ஒருநாள் நான் வழி தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். மாமா பின்னால வந்து நின்னு, 'அந்தப் பக்கம் போ'ன்னாரு. நான் இந்த வீட்டுக்கு வந்து அவரா பேசின மொதப் பேச்சு அதுதாங்க. அதான் முடிச்சதையே திரும்பப் போட்டு, தெரியாத மாதிரி கேக்குறேன். இப்பல்லாம் நடுநடுவுல தோட்டத்துக் கதை சொல்றாரு. போன வாரம் அத்தையப் பத்திக்கூடச் சொன்னாரு."

அம்மாவைப் பற்றி அப்பா தேவேந்திரனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவளைப் போய்த் திட்டினோமே என்று கூசிப்போனான். அதை அவளிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கு அதெல்லாம் வராது. போனோடு அப்பாவைத் தேடிப் போனான்.

அழகையா சாலையோரக் குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்தார். தேவேந்திரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மனைவியின் நாடகத்தில் தானும் சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தான்.

"அப்பா, கோவத்துல கத்திட்டேன். கேமை அழிக்கல. உமா வேற ஏதோ கட்டத்துல மாட்டிக்கிட்டாளாம். நீங்க வந்தாத்தான் ஆகும்ங்கிறா."

அழகையா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவ எல்லாத்தையும் முடிச்சிட்டாடா. நான் வாயத் தொறக்கிறதுக்கு முந்தியே அவ வெரலு சரியான கட்டத்துல போயி நிக்குது. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிறாத."

தேவேந்திரன் திகைத்துப்போனான்.

"தெரிஞ்சுமா தெனம் சொல்லிக்குடுக்கிறீங்க? எதுக்குப்பா?"

"எனக்கு இப்பவும் பேசாம கெடக்கத்தான்டா புடிக்குது. ஆனா அந்தப் புள்ளைக்கு ஹிந்தி வராது, தெருவுல ஒருத்தர்கிட்டயும் நின்னு பேச முடியல. நீ கப்பல்ல இருந்து வந்தா திங்கிற, திட்டுற, தூங்குற. நானும் வாய மூடிக்கிட்டா, அவளுக்குப் பேச்சுக் குடுக்க இந்த வீட்டுல யாருடா இருக்கா?"