பச்சை திரும்பிய குடுவை

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயிலில் தங்கை குடுவையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பச்சை நிழல் அவள் கன்னத்தில் ஆடுகிறது. சர்க்கரையைத் தின்று பழகி, ஒளிச்சேர்க்கையை நிறுத்தி வெளிறிக் கிடந்த ஒற்றைச் செல் பாசி, சர்க்கரையைக் கழுவி நீக்கிய இரண்டே நாளில் மறுபடி பச்சை கட்டி, வெளிச்சத்தில் தானே உணவு சமைக்கத் தொடங்கியிருக்கிறது. "பலே!" என்கிறார் பேராசிரியர். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதே கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவும் தட்டுகிறாள், சத்தமே வராமல். அவளுக்கு வயிறு எரிகிறது. மூன்று வருடமாக இந்தப் பாசியைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். வெளுத்த குடுவைகளையெல்லாம் செத்துப்போனதென்று தொட்டியில் கொட்டியவளும் அவள்தான். தங்கை அவள் காதோரம் குனிகிறாள். "இது நீ வெச்ச குடுவைதான்க்கா. கொட்டிடுன்னு குடுத்தியே, எனக்குத்தான் மனசு வரல." அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "இந்தா, நீயும் பிடி." வாங்குகிறாள். குடுவையின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் அவளுடைய கையெழுத்து: 'செத்துவிட்டது'. "ரெண்டு பேரும் இப்படித் திரும்புங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்கிறார் பேராசிரியர். அக்கா சிரித்த முகத்தோடு கட்டைவிரலை நகர்த்தி அந்தச் சீட்டை மூடிக்கொள்கிறாள்.