சராசரியைக் கெடுத்தவள்

உள்ளே வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைத்தீஸ்வரன், தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். பூங்குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பிறந்து பதினாறு நாள்தான் ஆகிறது.

"உன் பொண்ணைப் பதிவு பண்ணினதும் நம்ம நகரோட சராசரி வயசு எழுபதுக்குக் கீழ இறங்கிடுச்சும்மா. டயாலிசிஸ் சென்டரைத் தூக்கிட்டு ஜிம் வைக்கப்போறாங்களாம்."

"ஜிம்மா? இவளுக்குத் தடுப்பூசி போட ஒரு நர்ஸாவது வருவாங்களா?"

"அதுக்குச் சராசரி நாற்பதுக்குக் கீழ வரணுமாம். சராசரி வயசைப் பார்த்து எந்த ஊருக்கு என்ன வசதின்னு மெஷின் போடுற கணக்கு, யார்கிட்டப் போய் மல்லுக்கு நிக்கிறது?" முழங்கையில் இருந்த ஊசித் தழும்புகளைத் தடவிக்கொண்டார். வாரத்துக்கு மூன்று நாள் அவர் நடந்தே போய்வரும் இடம் அந்த டயாலிசிஸ் சென்டர். "தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே வழக்கம்? குழந்தையை அந்த விலாசத்துக்கே மாத்திடும்மா. கையெழுத்து மட்டும் போடு."

பூங்குழலி அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அதே படிவம். மாற்ற வேண்டிய விலாசம் என்ற இடத்தில் இந்த வீட்டு எண் இருந்தது.

"வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குத்தான் போனேன், அங்கிள். அந்த ஊர் சங்கச் செயலாளர் இதைக் கையில குடுத்துத்தான் திருப்பி அனுப்பினார்."