டிஸ்க் பெருசாயிடுச்சு சார்!

"காலையிலேயே டிஸ்க்கைப் பெருசாக்கச் சொன்னேன், எவ்வளவு நேரமாச்சு? ஆக்கிட்டியா, இல்லையா?"

"ஆக்கிட்டேன் சார். நீங்களே பாருங்க. முன்னால இருந்ததைவிட ரெண்டு மடங்கு."

லேப் தலைவர் திரையைப் பார்த்தார். இரண்டு மடங்குதான். ஆனால் பக்கத்துத் திரையில், அந்த டிஸ்க்கை நம்பிக் கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷின் 'இடமில்லை, இடமில்லை' என்று சிவப்பு எழுத்தில் அலறிக்கொண்டிருந்தது. மாணவர்கள் ரௌட்டர்களை இணைத்துப் பழகும் மொத்த நெட்வொர்க் லேபும் அந்த ஒரே மெஷினுக்குள்தான் ஓடுகிறது. மதியம் பார்வையாளர்கள் வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து லேப் படுத்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

"என்னம்மா இது கண்கட்டு வித்தை? இங்க பெருசு, அங்க சிறுசு?"

"வீட்டை ஒட்டி ஒரு ரூம் கட்டியாச்சு சார். உள்ளேயிருந்து சுவரை இடிச்சுக் கதவு வெச்சாத்தானே புழங்க முடியும்? அதுக்கு மெஷினோட அட்மின் பாஸ்வேர்டு வேணும்."

"அதைப் போட்டுத் தொலையேன்!"

"அதைத்தான் நீங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்களே சார்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிரே நின்றவளைப் போன மாதம்தான் 'லேப் பொறுப்பாளர்' ஆக்கினார். கதவில் பலகைகூட மாட்டினார். பலகையோடு சரி. ஒரு கேபிளைப் பிடுங்கக்கூட அவரைத்தான் கேட்க வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும், "எங்கே அந்தப் பொறுப்பாளர்?" என்று குரல் வரும். பேர் பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

"சரி, நானே வந்து அடிக்கிறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"திரும்ப மாட்டேன் சார்."

"என்னது?"

"பொறுப்பாளர்னா பாஸ்வேர்டு என் பொறுப்புல இருக்கணும். இல்லேன்னா நான் பொறுப்பாளர் இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரொம்பப் பேசினா பலகையைக் கழட்டிடுவேன்!"

"தாராளமாக் கழட்டுங்க. ஸ்க்ரூடிரைவர் தரட்டுமா?"

மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கேபிள்காரர் சிரிப்பை இருமலாக மாற்றப் படாத பாடு பட்டார்.

தலைவரின் செல்போன் அடித்தது. பார்வையாளர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்களாம்.

"சரிம்மா, சரி! இந்த நிமிஷத்துல இருந்து லேபுக்கு நீதான் முழுப் பொறுப்பு. பாஸ்வேர்டும் உன்கிட்டயே இருக்கட்டும். என்னைக் கேக்காமலே எல்லாம் செய். போதுமா?"

"கேபிள் அண்ணே, கேட்டீங்களா?"

"ரெண்டு காதாலயும் கேட்டேன்!"

தலைவர் சட்டைப் பையைத் துழாவினார். பர்ஸைத் துழாவினார். செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"அது வந்து... பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்... அய்யய்யோ, மறந்துபோச்சேம்மா!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல்கள் படபடவென்று ஓடின. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்து காணாமல் போனது. இப்போது உள்ளேயும் இரண்டு மடங்கு இடம்.

தலைவர் வாயைப் பிளந்தார். "பாஸ்வேர்டைத்தான் என்கிட்ட குடுத்துட்டியே! அப்புறம் உன்கிட்ட எப்படி இருக்கு?"

"குடுத்துட்டா என்கிட்ட இல்லாமப் போறதுக்கு அது என்ன சாவியா சார்? இந்த மெஷினை அமைச்சு, அந்தப் பாஸ்வேர்டை வெச்சதே நான்தான். வாங்கிக்கிட்டீங்களே தவிர, நீங்க அதை மாத்தவே இல்ல."

"அடிப்பாவி! அப்போ காலையிலேயே முடிச்சிருக்கலாமே?"

"முடிச்சிருக்கலாம். ஆனா, காலையில இந்த லேபுக்கு நான் பொறுப்பு இல்லையே சார்!"