விளம்பரப் பாசம்

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுடன் படுத்திருந்த மாமியாருக்கு, மருமகள் பத்திரிகையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சினிமாப் பக்கம் என்றால் இருவருக்கும் பசிகூடத் தெரியாது.

"இந்த நடிகர் ரொம்ப எளிமையாம் அத்தை. வீட்டுல தண்ணிகூட அவரே எடுத்துக் குடிப்பாராம்."

"அடடா! கிளாஸையும் அவரே தூக்கிட்டாரா? பாவம், கை வலிச்சிருக்குமே!"

"இதைக் கேளுங்க. புருஷனை விவாகரத்து பண்ணின நடிகை, ஆஸ்பத்திரியில இருக்கிற மாமியாரைப் போய்ப் பார்த்தாங்களாம். கட்டிப்பிடிச்சு அழற போட்டோ வேற."

"அழுததுல கண் மை கலைஞ்சுதா?"

"துளிக்கூடக் கலையலை."

"புதுப் படம் எப்போ வருது?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"அதானே பார்த்தேன். திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருதேன்னு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரிக்க, மருந்து கொடுக்க வந்த நர்ஸுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"நானும் வந்ததுலேருந்து பார்க்கறேன். மாமியாரைப் பெத்த தாய் மாதிரி கவனிச்சுக்கறீங்க. உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்தான். ஆனா அவரை இந்தப் பக்கமே காணோமே?"

மருமகள் பத்திரிகையை மெல்ல மடித்தாள். "எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு சிஸ்டர். அவர் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளியூர்ல இருக்கார்."

நர்ஸ் தடுமாறிப்போனாள். "ஸாரிங்க... அப்போ இவங்க உங்க முன்னாள்..."

அவள் முடிப்பதற்குள் மாமியாரின் கை காற்றில் துழாவி, மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"முன்னாள் ஆனது என் பையன்தாம்மா. இவ என்னைக்கும் என் மருமக."